காவேரிப்பட்டினம் முதல் ஜித்தா வரை: பயண தூரமும் விமான நேரமும் நம் தொழுகையும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பிற்குரிய சகோதரர்களே! சகோதரிகளே! 

நம் பகுதியில் ஒருவர் உம்ராவுக்குப் புறப்படுகிறார் என்றால் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெட்டியை நான்கு முறை எடை போடுவார்கள். நிப்பட்டுப் பொட்டலம் உள்ளே போகும், எடை கூடினால் வெளியே வரும். டிக்கெட் எவ்வளவு, ஹோட்டல் ஹரமுக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்காத உறவினர் இருக்கமாட்டார். ஆனால் இரண்டு விஷயங்களை மட்டும் யாரும் கேட்பதில்லை. எத்தனை கிலோமீட்டர் போகிறீர்கள்? எந்த நேரத்துக்கு எங்கே இருப்பீர்கள்?

இந்த இரண்டும் தெரியாததால் என்ன நடக்கிறது? உம்ரா என்ற நஃபிலான, சுன்னத்தான அமலுக்குப் போகிற வழியில் ஃபர்ளான தொழுகை தவறுகிறது. மீக்காத் எல்லை தூக்கத்தில் கடந்து போகிறது. சிலருக்கு இது தவறியது என்று கூடத் தெரியாது. எனவே இந்த ஜும்ஆவில் தூரத்தையும் நேரத்தையும் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் கணக்கு

தென்பெண்ணைக் கரையில் இருக்கும் நம் காவேரிப்பட்டினத்திலிருந்து கிருஷ்ணகிரி பத்துக் கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து ஓசூர் சுமார் 50 கி.மீ. ஓசூரிலிருந்து பெங்களூரு நகரம் சுமார் 40 கி.மீ. ஆக நம் ஊரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 100 கி.மீ. விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால் இன்னும் சுமார் 40 கி.மீ. சேர்த்துக் கொள்ளுங்கள். மொத்தம் 140 கி.மீ. அளவில் சாலைப் பயணம்.

பெங்களூருவிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழி நேர்தூரம் சுமார் 4,200 கி.மீ. இடையில் இறங்காத விமானம் என்றால் போகும்போது சுமார் ஆறு மணி நேரம். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பெரும்பாலும் ஐந்தேகால், ஐந்தரை மணி நேரம். இடையில் வேறு ஊரில் விமானம் மாறினால் பத்து மணி நேரத்தைத் தாண்டும். இந்திய நேரத்துக்கும் சவூதி நேரத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நமக்கு மதியம் இரண்டு மணி என்றால் ஜித்தாவில் பதினொன்றரை.

இந்த எண்களை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நாம் பேசப்போகும் சட்டங்கள் எல்லாம் இவற்றின் மீதுதான் நிற்கின்றன.

எது பயணம், எது பயணமல்ல?

திருக்குர்ஆனில் அன்னிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனம் பயணத்தில் தொழுகையைச் சுருக்கிக் கொள்ள அனுமதி தருகிறது. நான்கு ரக்அத் தொழுகைகளான ளுஹர், அஸ்ர், இஷா மூன்றும் இரண்டு ரக்அத்தாகும். ஃபஜ்ரும் மக்ரிபும் அப்படியே இருக்கும். இதற்குத்தான் கஸ்ர் என்று பெயர்.

எவ்வளவு தூரம் போனால் கஸ்ர்? ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைப் பயணம் அளவுகோல். பயணி மூன்று பகல் மூன்று இரவு காலுறை மீது மஸஹ் செய்யலாம் என்ற ஹதீஸ் (முஸ்லிம்) இதற்கு ஆதாரங்களில் ஒன்று. அதை 48 மைல் என்று கணக்கிட்டு, சுமார் 77 கி.மீ. என்று நம் நாட்டு உலமாக்கள் பெருவாரியாகச் சொல்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு புருத், அதாவது 16 ஃபர்ஸக். இப்னு உமர் (ரழி), இப்னு அப்பாஸ் (ரழி) இருவரும் இந்தத் தூரத்தில் கஸ்ர் செய்தார்கள் என்பது இதற்கு ஆதாரம். இது இன்றைய கணக்கில் 80 கி.மீ.க்குச் சற்று மேல். நபி (ஸல்) அவர்கள் மூன்று மைல் அல்லது மூன்று ஃபர்ஸக் தூரம் வெளியேறினால் இரண்டு ரக்அத் தொழுதார்கள் என்ற அனஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பும் முஸ்லிமில் இருக்கிறது. எனவே தூரத்தைக் கிலோமீட்டரால் வரையறுக்காத அறிஞர்களும் உண்டு. நீங்கள் பின்பற்றும் வழியில் உறுதியாக இருங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வசதிக்கு மாற்றிக் கொள்ளாதீர்கள்.

இப்போது இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் வேலைக்குப் போகிற சகோதரர்களே! ஒரு வழித் தூரம் சுமார் 60 கி.மீ. போக வர 120 ஆகிறதே என்று கேட்கலாம். சட்டத்தில் போகும் தூரம்தான் கணக்கு, போக வரத் தூரத்தைக் கூட்டுவது கிடையாது. எனவே இந்த இரண்டு மத்ஹபுகளின்படியும் நீங்கள் முஸாஃபிர் அல்ல. தொழுகை முழுமையாகத்தான். முதல் ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் விடியும் முன்பே கிளம்பிவிடும். ஃபஜ்ர் வக்த் பஸ்ஸில்தான் வரும். உளூவோடு ஏறுங்கள். டிரைவரிடம் பேசி, கிருஷ்ணகிரியிலோ சூளகிரியிலோ ஐந்து நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் இறங்கியதும், சூரியன் உதிக்கும் முன், வருகையைப் பதிவு செய்வதற்கு முன்பே தொழுதுவிடுங்கள்.

பெங்களூரு நகரத்துக்குப் போகிறவர் முஸாஃபிர். சேலத்துக்குப் போகிறவரும் அப்படியே. அதுவும் சுமார் 100 கி.மீ. தருமபுரிக்குப் போகிறவர் முஸாஃபிர் அல்ல. எல்லையை ஒட்டிய எலக்ட்ரானிக் சிட்டி போன்ற இடங்கள் 80 கி.மீ.யைச் சுற்றி வருகின்றன. அங்கே போகிறவர் ஊகத்தில் முடிவு செய்யாமல், தம் ஊர் எல்லையிலிருந்து வண்டியின் மீட்டரில் ஒரு முறை அளந்து, இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். லாரி ஓட்டுகிற சகோதரர் மாதத்தில் இருபது நாள் சாலையில் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் அந்தத் தூரத்தை நாடிப் புறப்படும்போது முஸாஃபிர்தான்.

இன்னொன்று. முஸாஃபிர் என்ற நிலை வீட்டில் பெட்டியைக் கட்டும்போது தொடங்குவதில்லை. ஊர்க் கட்டடங்களைக் கடந்த பிறகுதான் தொடங்குகிறது. ஜித்தாவுக்குப் போகிறவர் வீட்டில் ளுஹர் தொழுதால் நான்கு ரக்அத். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி பக்கத்தில் நிறுத்தித் தொழுதால் இரண்டு ரக்அத். திரும்பி வரும்போதும் அதே சாவடியில் இரண்டுதான். நம் ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் நான்கு. வெள்ளிக்கிழமை என்றால், ஜும்ஆ நேரம் வந்த பிறகு அதை விட்டுவிட்டுப் புறப்படாதீர்கள். ஷாஃபிஈ சகோதரர்கள் அன்றைய ஃபஜ்ரிலிருந்தே இதைக் கவனிக்க வேண்டும்.

குளிரூட்டிய விமானத்திலும் சலுகையா?

சிலர் மனதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒட்டகத்தில் போனார்கள், வெயிலில் வாடினார்கள், அவர்களுக்குக் கஸ்ர் சரி. நாம் மெத்தை இருக்கையில் சாய்ந்துகொண்டு போகிறோம். நமக்கு ஏன் சலுகை?

48 மைலை மூன்று நாளில் கடந்தார்கள் என்றால் ஒரு நாளைக்கு 16 மைல், அதாவது சுமார் 26 கி.மீ. அந்த வேகத்தில் 4,200 கி.மீ. போக ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். இப்னு பதூதா 1325 ஜூன் மாதம் தம் ஊரான தஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அவர் ஹஜ் செய்தது 1326ஆம் ஆண்டின் பிற்பகுதியில். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. நம் நாட்டிலும் 1995 வரை மும்பையிலிருந்து ஹாஜிகள் கப்பலில் போனார்கள். பல நாட்கள் கடலிலேயே கழியும். இன்று விமானம் 77 கி.மீ. தூரத்தை ஐந்தாறு நிமிடத்தில் கடக்கிறது.

ஆனாலும் சலுகை மாறவில்லை. இதை விளங்க ஒரு நிகழ்ச்சி. கஸ்ர் வசனத்தில் எதிரிகளைப் பற்றிய அச்சம் குறிப்பிடப்படுகிறது. இப்போது மக்கள் அச்சமின்றி இருக்கிறார்களே என்று யஃலா பின் உமைய்யா (ரழி) அவர்கள் உமர் (ரழி) அவர்களிடம் கேட்டார்கள். தமக்கும் இதே வியப்பு வந்தது என்றும், நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள் என்றும் உமர் (ரழி) கூறினார்கள் (முஸ்லிம்). அச்சம் நீங்கிய பிறகும் சலுகை நின்றது. அதுபோல் சிரமம் குறைந்த பிறகும் சலுகை நிற்கிறது. சட்டத்துக்குக் காரணம் பயணம். சிரமத்தை ஆளுக்கு ஆள் அளக்க முடியாது, தூரத்தை அளக்க முடியும்.

இதை மறுபக்கமும் பாருங்கள். ஓசூருக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர் களைத்துப் போகிறார், ஆனாலும் முஸாஃபிர் அல்ல. விமானத்தில் தூங்கிக்கொண்டு போகிறவர் முஸாஃபிர். நம் அலுப்பு அல்ல, அல்லாஹ்வின் எல்லைதான் அளவுகோல்.

போகும்போது பகல் நீள்கிறது

மேற்கு நோக்கிப் போகும்போது நாம் சூரியன் போகும் திசையிலேயே போகிறோம். அதனால் பகல் நீள்கிறது. தரையில் ஒரு மணி நேரம் நீடிக்கும் வக்த், அந்த விமானத்தில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் நீடிக்கும்.

ஒரு உதாரணம். மதியம் இரண்டு மணிக்குப் பெங்களூருவில் விமானம் ஏறுகிறது. ஆறு மணி நேரம் கழித்து, இந்திய நேரம் இரவு எட்டுக்கு, ஜித்தாவில் இறங்குகிறது. அங்கே மாலை ஐந்தரை. அஸ்ரை இறங்கித் தொழலாமா? கோடையில் அங்கே சூரியன் ஏழு மணி அளவில் மறையும், ஓரளவு அவகாசம் உண்டு. டிசம்பரில் ஐந்தே முக்காலுக்குள் மறைந்துவிடும். கதவு திறந்து, பஸ் ஏறி, பாஸ்போர்ட் வரிசைக்குப் போவதற்குள் அஸ்ர் களாவாகிவிடும்.

ஆகவே ஷாஃபிஈ சகோதரர்கள் பெங்களூரு விமான நிலையத்திலேயே ளுஹரையும் அஸ்ரையும் முற்படுத்திச் சேர்த்து, ஜம்உ தக்தீமாக, இரண்டிரண்டு ரக்அத் தொழுதுவிடலாம். ஹனஃபி மத்ஹபில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர மற்ற இடத்தில் இப்படிச் சேர்ப்பது இல்லை என்பதால் ளுஹரை நிலையத்திலும், அஸ்ரை விமானத்திலும் தொழ வேண்டும். மேலே சொன்ன டிசம்பர் உதாரணத்தில் இறங்குவதற்கு முன்பே ஹனஃபி அஸ்ர் வக்த் வந்துவிடும்.

விமானத்தில் எப்படித் தொழுவது? உளூவை ஏறும் முன்பே செய்து கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் குறைவு, கழிவறையை நனைப்பது பிறருக்குத் தொந்தரவு. பணிப்பெண்களிடம் மென்மையாகக் கேட்டு, உணவு வண்டி போகாத நேரத்தில் பின்பக்கக் காலி இடத்தில் நின்று தொழுங்கள். கிப்லா? பெங்களூருவிலிருந்து ஜித்தாவுக்குப் போகிற விமானத்தில் வழி நெடுகிலும் ஏறக்குறைய விமானத்தின் மூக்கு இருக்கும் திசைதான் கிப்லா. திரும்பும்போது வால் பக்கம். இருக்கைத் திரையில் வரைபடம் இருந்தால் அதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். நிற்க வழியே இல்லை என்றால் வக்த்தைத் தவற விடாமல் அமர்ந்தபடி தொழுதுவிட்டு, இறங்கிய பின் அதைத் திரும்பத் தொழுவது பேணுதலாகும்.

ரமளானில் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்கள் பயணி நோன்பை வேறு நாட்களில் நோற்க அனுமதிக்கின்றன. ஆனால் ஸுப்ஹு நேரம் வரும்போது நீங்கள் ஊரிலேயே இருந்து, காலையில்தான் புறப்படுகிறீர்கள் என்றால் அன்றைய நோன்பை விடக்கூடாது. அப்படி நோற்று மதிய விமானத்தில் மேற்கே போனால் நோன்பு இரண்டரை மணி நேரம் வரை நீளும். கைக்கடிகாரம் பெங்களூருவின் இஃப்தார் நேரத்தைக் காட்டும், ஜன்னலில் சூரியன் நிற்கும். ஊர் நேரப்படி திறக்கக்கூடாது. கீழே தரையில் இருப்பவர்களுக்கு மறைந்த பிறகும், அந்த உயரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் சூரியன் தெரியும். உங்கள் கண்ணுக்கு மறைந்த பின்தான் இஃப்தார்.

மீக்காத்: நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர்

இனி மிக முக்கியமான கட்டம். மதீனாவாசிகளுக்கு துல்ஹுலைஃபா, ஷாம்வாசிகளுக்கு ஜுஹ்ஃபா, நஜ்துவாசிகளுக்கு கர்னுல் மனாஸில், யமன்வாசிகளுக்கு யலம்லம் என்று நபி (ஸல்) அவர்கள் எல்லைகளை நிர்ணயித்தார்கள். அந்த வழியாக வரும் பிறருக்கும் அவையே எல்லை என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). கப்பலில் போன நம் முன்னோர் யலம்லமுக்கு நேராக வரும்போது இஹ்ராம் கட்டினார்கள். விமானம் அரபு நாட்டின் நிலப்பரப்பைக் கடந்து வரும்போது பொதுவாக கர்னுல் மனாஸில் பக்கமாக எல்லையைத் தாண்டுகிறது. பிறகு சிறிது நேரத்தில் ஜித்தா. ஜித்தா விமான நிலையம் எல்லைக்கு உள்ளே இருக்கிறது. அங்கே இறங்கி இஹ்ராம் கட்டிக் கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

வேகத்தைக் கவனியுங்கள். மணிக்கு 900 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 15 கி.மீ. ஒட்டகத்தில் வந்தவர் எல்லையில் இறங்கி, குளித்து, உடை மாற்றி, இரண்டு ரக்அத் தொழுது நிய்யத் செய்தார். விமானத்தில் நீங்கள் இருக்கை பெல்ட்டைக் கழற்றிக் கழிவறை வாசலில் வரிசையில் நிற்கும் நான்கு நிமிடத்தில் 60 கி.மீ. போய்விடும். அறிவிப்பு வரும்போது தூங்கினால் அவ்வளவுதான். இஹ்ராம் இல்லாமல் எல்லையைக் கடந்தவர் திரும்பி எல்லைக்குப் போய் இஹ்ராம் கட்டி வர வேண்டும். இல்லையென்றால் தம் கொடுக்க வேண்டும்.

ஆகவே குளிப்பை வீட்டிலேயே முடியுங்கள். ஆண்கள் இஹ்ராம் துணியை வீட்டிலோ, பெங்களூரு விமான நிலையத்திலோ அணிந்து கொள்ளுங்கள். இஹ்ராமுக்கான இரண்டு ரக்அத்தையும் அங்கேயே தொழுங்கள். அஸ்ருக்குப் பிறகு நஃபில் தொழக்கூடாத நேரம் வந்துவிடும். விமானம் தாமதமாகலாம் என்பதால் நிய்யத்தை மட்டும் வானத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள். அறிவிப்பை நம்பிக் காத்திராமல், இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே நிய்யத் செய்து தல்பியாவைத் தொடங்கிவிடுங்கள். வயதான பெற்றோர் உடன் இருந்தால் அவர்களை எழுப்பி நிய்யத் செய்ய வைப்பது உங்கள் பொறுப்பு. முதலில் மதீனா போகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. அவர்கள் மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டிக் கொள்ளலாம்.

மக்காவில் எத்தனை நாள்?

ஹனஃபி மத்ஹபில் ஒரே ஊரில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேல் தங்க நிய்யத் செய்தால் முகீம், முழுமையாகத் தொழ வேண்டும். மக்காவில் எட்டு நாள், மதீனாவில் ஏழு நாள் என்றால் இரண்டு இடத்திலும் முஸாஃபிர்தான். ஷாஃபிஈ மத்ஹபில் போகும் நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நாடினாலே முகீம். எப்படியானாலும் ஹரமில் இமாமுக்குப் பின்னால் தொழும்போது அவரோடு நான்கு ரக்அத்தும் முழுமையாகத் தொழ வேண்டும்.

திரும்பும்போது ஃபஜ்ர் ஓடிவிடும்

உம்ரா முடிந்தது, ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் ஏற்றியாகிவிட்டது, மனம் நிறைந்திருக்கிறது. இந்த நேரத்தில்தான் பலருக்கு ஃபஜ்ர் தவறுகிறது.

கிழக்கே வரும்போது சூரியன் நம் எதிரில் வருகிறது. வக்த் சுருங்குகிறது. ஒன்றேகால் மணி நேரம் இருக்கும் ஃபஜ்ர் வக்த், இந்த விமானத்தில் ஐம்பது நிமிட அளவில் முடிந்துவிடும். ஜித்தாவில் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் விமானத்தில் சூரியன் தெரியும்போது இந்திய நேரம் சுமார் 6.45. சவூதி நேரத்திலேயே இருக்கும் உங்கள் கடிகாரத்தில் சுமார் 4.15. ஜித்தாவில் இன்னும் ஃபஜ்ர் பாங்கு கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று கண்ணை மூடிய ஹாஜி அம்மா விழிக்கும்போது வெயில் முகத்தில் அடிக்கும்.

ஏறியவுடன் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன விமானம் என்றால் ஏறி இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு அலாரம் வையுங்கள். ஜன்னல் மூடியைத் திறந்து கிழக்கே வெளுப்பு வந்ததா என்று பாருங்கள். வெளுப்பு தெரிந்ததும் தொழுதுவிடுங்கள். குழுவில் ஒருவர் விழித்திருக்க முறை வைத்துக் கொள்வது இன்னும் நல்லது. சொன்ன நேரங்கள் மாதத்துக்கும் விமானத்துக்கும் ஏற்ப மாறும். உங்கள் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, புறப்படும் முன் உங்கள் பள்ளி இமாமிடம் உட்கார்ந்து ஐந்து வக்த்தையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். எடை போடுவதற்குச் செலவிட்ட நேரத்தில் கால்வாசி போதும்.

மிச்சமான நேரம்

அன்புச் சகோதரர்களே! பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது தூக்கத்தையும் உணவையும் பானத்தையும் தடுக்கிறது, எனவே வேலை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புங்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). ஐந்து மாத வழியை அல்லாஹ் நமக்கு ஆறு மணி நேரமாக்கித் தந்தான். மிச்சமான அந்த நேரத்துக்கும் கேள்வி உண்டு.

ஜித்தாவிலும் ரியாத்திலும் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வர முடிகிறது. அவர்களின் தாய்மார் அதைப் பொறுத்துக் கொள்கிறார்கள். ஆனால் பெங்களூருவில் இருந்துகொண்டு, நூறே கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், மாதக்கணக்கில் ஊர்ப்பக்கம் வராத பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தத் தாய்க்கு எந்த மகன் தூரத்தில் இருக்கிறான்? பயணியின் துஆ ஏற்கப்படும் என்று நபிமொழி இருக்கிறது. அடுத்த வாரம் பஸ் ஏறுங்கள். வழியில் அவர்களுக்காக துஆ செய்துகொண்டே வந்து சேருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களை எளிதாக்குவாயாக! பயணத்திலும் ஊரிலும் தொழுகையை அதனதன் நேரத்தில் நிறைவேற்றும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக! தூரத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாத்து நலமுடன் வீடு சேர்ப்பாயாக! உன் வீட்டைக் காணாத எங்கள் சகோதர சகோதரிகளுக்கு அந்த பாக்கியத்தை வழங்குவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.